யோகான்னா உடம்பை வளைக்கிறதா? - கொஞ்சம் வரலாறு

கூகிளில் யோகா என்று தட்டி, வருகிற படங்களைப் பாருங்கள். கடற்கரை, பின்னால் சூரியன், ஒரு காலைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய் சிரித்தபடி நிற்கும் ஒரு ஒல்லியான உருவம். உடம்பு ரப்பர் மாதிரி இருந்தால்தான் யோகா வரும் என்று சொல்லாமல் சொல்கிற படங்கள். ஜூன் 21 வந்தால் நம்ம ஆபீஸ்களில் நடக்கிற கூத்தும் இதே ரகம்தான். யார் ஒத்தைக் காலில் அதிக நேரம் நிற்கிறார்கள்னு போட்டி, ஜெயிச்சவருக்குத் தண்ணி பாட்டில் பரிசு.

இந்த வித்தை காட்டுற யோகா எப்போ ஆரம்பிச்சுது? இதுக்கு ரெண்டு ரெடிமேட் பதில் இருக்கு. ஒரு கோஷ்டி, "எல்லாமே அஞ்சாயிரம் வருஷமா அப்படியேதான் இருக்கு, வெள்ளைக்காரன்தான் கெடுத்துட்டான்" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி, "ஆசனம் எல்லாம் ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸைக் காப்பியடிச்சது, சமஸ்கிருதப் பேர் மட்டும் நம்மளது" என்று கிளம்பும். ரெண்டு பக்கமும் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டுமே பாதிதான். மீதிப் பாதி மைசூரிலும் மெட்ராஸிலும் வாழ்ந்த ஒரே மனுஷரிடம் இருக்கிறது.

(டிஸ்கி: நான் பொட்டி தட்டுகிறவன், யோகா வாத்தியார் இல்லை. முட்டி வலி, கழுத்து வலிக்கு எல்லாம் இங்கே மருந்து கிடைக்காது.)

முதலில் பதஞ்சலி. யோக சூத்திரம் சுமார் 1600 வருஷம் பழசு என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கணக்கு சொல்கிறார்கள். 195 சூத்திரம், சில பதிப்புகளில் 196. இதில் ஆசனம் எப்படி இருக்கணும்னு பேசுகிறவை எத்தனை தெரியுமா? மூணு. வெறும் மூணு! முதலாவது, உட்காருகிற நிலை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ரெண்டாவது, முயற்சியைத் தளர்த்தி மனசை எல்லையில்லாத ஒன்றில் நிறுத்தினால் அது கைகூடும் என்கிறது. மூணாவது, அப்படி உட்கார்ந்தவனை சூடு, குளிர் மாதிரியான இரட்டைகள் அசைக்காது என்கிறது. அவ்வளவுதான், அடுத்து மூச்சுக்குப் போய்விடுகிறார். காலை எங்கே வைக்கணும், கையை எப்படி மடக்கணும், எத்தனை நிமிஷம், ஒண்ணுமே கிடையாது. யோகத்துக்கு அவர் கொடுக்கும் விளக்கமே மனசின் அலைச்சலை அடக்குவது என்பதுதான்.

"முயற்சியைத் தளர்த்தி" என்பதை இன்னொரு தடவை படிங்க. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடித்து இழுக்கிற யோகாவுக்கு நேர் எதிர்.

நம்ம திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்கிறார். ஆதனம் என்ற தலைப்பில் பத்திரம், வீரம், சுகாதனம் என்று சிலதைக் கணக்குச் சொல்லிவிட்டு சீக்கிரம் நகர்ந்துவிடுகிறார். பிராணாயாமத்துக்குத்தான் பாடல்கள் அதிகம்.

இதை வைத்துக்கொண்டு "பாத்தியா, பழைய யோகாவில் உடம்பே கிடையாது" என்று முடிவுகட்டவும் முடியாது. நடுவில் ஹட யோகம் வருகிறது. 15ம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள். அதில் மயிலாசனம் உண்டு, அது சும்மா உட்காருகிற சமாச்சாரம் இல்லை. ரெண்டு முழங்கையில் மொத்த உடம்பையும் நிறுத்தணும். பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதையில் எண்ணிக்கை 32 ஆகிவிடுகிறது. 18ம் நூற்றாண்டுச் சுவடியான ஹடாப்யாஸபத்ததியில் நூற்றுக்கும் மேல், கயிற்றில் தொங்குவது உட்பட. மைசூர் அரண்மனையில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794 - 1868) தொகுப்பித்த ஸ்ரீதத்வநிதி என்ற படநூலில் 122 ஆசனங்கள் ஓவியமாகவே இருக்கின்றன. ஆக, வளைகிறதும் தொங்குறதும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாடியே இங்கே இருந்தது. ஆனால் அதெல்லாம் சாமியார்களும் மல்லர்களும் செய்த காரியம். அதை மேடையில் ஏத்தி டிக்கெட் போட்ட கதை வேற.

அந்தக் கதை 1900க்கு அப்புறம். உலகம் பூராவும் உடம்பைத் தேத்துகிற மோகம் பிடித்து ஆட்டிய நேரம் அது. "இந்தியன் சோனி, அதான் அடிமை" என்ற பேச்சு இங்கே ரொம்ப உறைத்தது. தேகப் பயிற்சி சாலைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. மெட்ராஸில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை ஆரம்பித்தார் (இப்போ நந்தனத்தில் இருக்கிற அதே காலேஜ்). ஔந்த் சமஸ்தானத்து ராஜா சூரிய நமஸ்காரத்தைப் பள்ளிக்கூடப் பயிற்சியாக்கி, 1928ல் அதுக்குப் புத்தகமே போட்டார். லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தா 1924ல் கைவல்யதாமம் தொடங்கி, ஆசனம் செய்கிறவர்களுக்கு எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுக்கு நேர்மாறாக விவேகானந்தர் 1896லேயே ராஜயோகம் என்று புத்தகம் எழுதி, ஹட யோகம் எல்லாம் நம்ம வேலை இல்லை என்று ஒதுக்கிவிட்டார். மனசா உடம்பா என்ற சண்டை நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை மக்களே.

இந்தச் சூழலில்தான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மைசூருக்கு வருகிறார். 1888ல் சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர். நியாயம், மீமாம்சை, வேதாந்தம் எல்லாம் கரைத்துக் குடித்த பண்டிதர். இவ்வளவு படித்தும் சம்பளம் இல்லை, ஹாசன் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இவரைக் கூப்பிட்டு ஆதரித்து, 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை வைத்துக் கொடுத்தார்.

மகாராஜா சும்மா கொடுப்பாரா? யோகத்தை ஜனங்களிடம் பரப்பணும். ஜனங்களுக்கோ அப்போது யோகா என்றால் பிச்சைக்காரச் சாமியார் வேலை. மனசு அடங்குவதை மேடையில் எப்படிக் காட்டுவது? தெரியாது இல்லையா... அதனால் கண்ணுக்குத் தெரிகிறதைக் காட்டினார்கள். கிருஷ்ணமாச்சாரியார் நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டினார், ஓடுகிற காரைக் கையால் நிறுத்தினார், கனமான பொருளைப் பல்லால் கடித்துத் தூக்கினார் என்று அவர் காலத்துச் செய்திகள் சொல்கின்றன. பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ராஸ் 1935ல் கருவியோடு வந்து அளந்து பார்த்திருக்கிறார். கூடவே பயிற்சி பெற்ற பையன்கள் விருந்தாளிகள் முன்னால் கடகடவென ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் காட்டினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் டெமோ. க்ளையண்ட் முன்னாடி டெமோ காட்டும்போது ப்ராடக்டில் எது பளபளன்னு இருக்கோ அதைத்தானே காட்டுவோம், டேட்டாபேஸ் டிசைனையா காட்டுவோம்? :-)

டெமோவுக்கு ஒரு விலை உண்டு. அதைக் கட்டியவர்களில் ஒரு பையன் பி.கே.எஸ். அய்யங்கார். கிருஷ்ணமாச்சாரியாரின் மச்சினன். சின்ன வயசில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து, குச்சி மாதிரி இருந்தவர். 1934ல் மைசூருக்கு வந்தபோது வயசு 15. ஒரு முறை விருந்தாளிகள் முன்னால் ஹனுமானாசனம் செய் என்று குரு சொல்லிவிட்டார். அதாவது ரெண்டு காலையும் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் விரித்துத் தரையில் உட்காருவது. முன்னே பின்னே செய்து பழக்கம் கிடையாது. மாட்டேன் என்றும் சொல்ல முடியாது, மாமா வேற, குரு வேற. செய்து காட்டினார். தொடைத் தசை கிழிந்து ரொம்ப நாள் ஒழுங்காக நடக்க முடியாமல் போனதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உறுதியும் சுகமும்னு பதஞ்சலி சொன்னாரே, அது அன்றைக்கு அந்த மேடையில் இல்லை.

அதே பையன் 1937ல் பூனாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே தங்கி, 1966ல் எழுதிய 'லைட் ஆன் யோகா' உலகத்து யோகா வகுப்புகளுக்கு எல்லாம் கைப்புத்தகம் ஆனது. 200 ஆசனம், கிட்டத்தட்ட 600 படம், எல்லாப் படத்திலும் அவரே. இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒவ்வொரு ஆசனத்துக்கும் பக்கத்தில் போட்டிருக்கும் நம்பர். அது கஷ்டத்தின் அளவு. நேராக நிற்கிற தாடாசனத்துக்கு 1. பின்பக்கமாக வளைந்து கணுக்காலைப் பிடிக்கும் திரியங் முகோத்தானாசனத்துக்கு 60. கேம் லெவல் மாதிரி இல்லை? அவர் நோக்கம் படிப்படியாகப் போகச் சொல்வது, தப்பே இல்லை. ஆனால் நம்பரைப் பார்த்ததும் மனுஷ மனசு என்ன செய்யும்... அடுத்த லெவலுக்குத்தான் போகும். அய்யங்காருக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். கட்டை, கயிறு, பெல்ட், நாற்காலி என்று வைத்து, வளையாத உடம்புக்காரர்களும் நோயாளிகளும் செய்கிற மாதிரி ஆசனத்தை மாற்றியவரும் இவரேதான். அந்தப் பக்கத்தைப் போட்டோக்கள் மறைத்துவிட்டன.

மைசூர்க்காரர்களில் இன்னொருவர் பட்டாபி ஜோய்ஸ் (1915 - 2009). ஓட்டமும் தாவலுமாக வியர்க்க வியர்க்கச் செய்யும் அஷ்டாங்க முறை அவர் வழியாகத்தான் அமெரிக்கா போனது. மூணாவது ஆள் இந்திரா தேவி, ரிகாவில் பிறந்த பெண். முதலில் கிருஷ்ணமாச்சாரியார் முடியாது என்று சொல்லி, மகாராஜா சிபாரிசு செய்த பிறகு 1930களின் கடைசியில் சேர்த்துக்கொண்டார். இவர் 1947ல் ஹாலிவுட்டில் யோகா பள்ளி திறந்தார். இவர் சொல்லிக்கொடுத்தது மற்ற ரெண்டு பேருடையதைவிட ரொம்ப மென்மை. ஒரே வாத்தியார், மூணு பேரிடமும் மூணு விதமான யோகா. ஏன் என்பதற்கான பதில் மெட்ராஸில் இருக்கு.

அதுக்கு முன்னால் காப்பி கதையை முடித்துவிடுகிறேன். ஸ்ஜோமான் என்ற ஆய்வாளர் 1996ல் மைசூர் அரண்மனை நூலகத்தில் அந்த 122 ஆசனப் படங்களையும் அரண்மனை ஜிம்னாஸ்டிக்ஸ் கையேட்டையும் எடுத்துப்போட்டு, கிருஷ்ணமாச்சாரியாருக்குச் சரக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எழுதினார். 2010ல் மார்க் சிங்கிள்டன் 'யோகா பாடி' புத்தகத்தில் ஐரோப்பிய உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டார். இதைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் காப்பி"ன்னு குதித்தவர்கள் அதிகம், சிங்கிள்டனே அவ்வளவு சொல்லவில்லை. அப்புறம் ஜேசன் பர்ச் போன்றவர்கள் மேலே சொன்ன ஹடாப்யாஸபத்ததி மாதிரிச் சுவடிகளைப் படித்து, அசைந்து வளைகிற ஆசனங்கள் இங்கே முன்பே நிறைய இருந்ததைக் காட்டினார்கள். ஆசனம் உள்ளூர் சரக்கு. கூட்டமாக நிற்க வைத்து, எண்ணிக்கை சொல்லி, வேகமாகச் செய்ய வைத்து, பார்வையாளனுக்குக் காட்டுவது அந்தக் காலகட்டத்துச் சரக்கு.

ஆனாலும் மைசூரிலேயே இன்னொரு இழை ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணமாச்சாரியார் 1934ல் கன்னடத்தில் எழுதிய யோக மகரந்தத்தைப் பாருங்கள் (தமிழ்ப் பதிப்பு 1938ல் மதுரையில் அச்சானது). எந்த அசைவில் மூச்சை உள்ளே இழுக்கணும், எதில் வெளியே விடணும், எங்கே நிறுத்தணும் என்று ஆசனத்துக்கு ஆசனம் குறிப்பு இருக்கிறது. மேடையில் பார்த்தவனுக்குக் கை கால் தெரிந்தது. மூச்சு தெரியவில்லை.

சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் போனது, 1950 வாக்கில் யோகசாலையும் மூடப்பட்டது. அறுபதைத் தாண்டிய மனுஷர், பெரிய குடும்பம், மறுபடி வேலை இல்லை. பக்கவாதம் வந்த ஒரு பிரபல வக்கீலுக்கு வைத்தியம் செய்ய மெட்ராஸுக்கு அழைப்பு வருகிறது. வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார், 1989ல் நூறு வயதில் இறக்கும் வரை.

யோசித்துப் பாருங்க, ஆட்களே மாறிவிட்டார்கள். அங்கே அரண்மனைப் பையன்கள், பாயச் சொன்னால் பாய்வார்கள். இங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் ஆஸ்துமாக்காரர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், பிள்ளை பெற்று இடுப்பு பிடித்துக்கொண்ட பெண்கள். மேடை இல்லை, மகாராஜா இல்லை, கைதட்டல் இல்லை. எதிரில் ஒரே ஒரு ஆள், அவர் நாடி, அவர் மூச்சு. இந்த ஆளுக்கு இன்றைக்கு எது முடியும் என்று பார்த்து, கையைத் தூக்கி இறக்குவதைக்கூடப் பயிற்சியாக ஆக்கிக் கொடுத்தார். படுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. மூச்சு ஆரம்பித்த பிறகு கை அசையணும், மூச்சு முடிகிறதுக்குள் கை நின்றுவிடணும். இவ்வளவுதான் விதி. கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, செய்து பாருங்க. மனசு ஒரு நொடி ஆபீஸுக்குப் போனாலும் கை முந்திக்கொள்ளும், உடனே மாட்டிக்கொள்வோம்.

இந்த மெட்ராஸ் காலத்தை நமக்குச் சொன்னவர் அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் (1938 - 2016). சிவில் இன்ஜினியர்! அப்பாவின் யோகாவில் பெரிய ஆர்வம் ஒண்ணும் இருந்ததில்லை. 1960களின் ஆரம்பத்தில் ஒரு நாள், கார் வந்து நிற்கிறது. வெளிநாட்டு அம்மா ஒருத்தர் ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார். பக்கா ஆசாரமான வைஷ்ணவப் பெரியவரை, அதுவும் அந்தக் காலத்து மெட்ராஸ் தெருவில் வைத்து! பையன் ஆடிப்போய்விட்டார். பல வருஷமாகத் தூக்கம் வராமல் கிடந்த அந்த அம்மாவுக்கு அன்றைக்கு முதல் நாள் ராத்திரிதான் மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்திருக்கிறது. இங்கிலீஷ் தெரியாத என் அப்பாவிடம் அப்படி என்ன இருக்கு என்று யோசித்து, வேலையை விட்டுவிட்டு அவரிடமே மாணவனாக உட்கார்ந்தார். இன்ஜினியரிங் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போன முன்னோடிகள் பட்டியலில் இவர் பேரை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், நமக்கு உதவும்.

1976ல் அவர் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் தொடங்கினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம். ஆளை ஆசனத்துக்குப் பொருத்தாதே, ஆசனத்தை ஆளுக்குப் பொருத்து. சரியாகச் செய்கிறாயா என்பதற்குக் கண்ணாடியைப் பார்க்காதே, மூச்சைப் பார். மூச்சு நீளமாக, சத்தமில்லாமல் போனால் ஆசனம் நடக்கிறது. திக்கினால் நீ ஆசனத்தைத் தாண்டிப் போய்விட்டாய், திரும்பி வா. அந்த மூணு சூத்திரத்தை மெட்ராஸ் வீட்டு மொழியில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

இதை நான் தூக்கிப் பிடிப்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. யோகா கிளாஸ் போயேன் என்று சொன்னதற்கு, "சப்பணம் போட்டே உக்கார முடியலடா, எனக்கு எதுக்குடா யோகா? அது உன்ன மாதிரி வயசுப் பசங்களுக்கு" என்றார்கள். டிவியில் பார்த்தது அந்த மாதிரி. உடம்பு வளைகிறவனுக்குத்தான் யோகா என்ற எண்ணத்தின் நிஜமான நஷ்டம் இதுதான். யாருக்கு அது அதிகம் தேவையோ, அவர்களே "நமக்கில்லை" என்று ஒதுங்கிப்போகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் கெடுத்துட்டான்னு சொல்கிற அதே அமெரிக்காவில் 1979ல் ஜான் கபட் ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலிக்காரர்களுக்காக ஒரு வகுப்பு ஆரம்பித்தார். இன்று நம் எச்.ஆர். ஆட்கள் மைண்ட்ஃபுல்னெஸ் மைண்ட்ஃபுல்னெஸ் என்று மெயில் அனுப்புகிறார்களே, அதன் ஊற்றுக்கண்களில் முக்கியமானது அது. வேர் பௌத்தத்தில். அந்த வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பதோடு மெதுவான ஹட யோகமும் உண்டு, எவ்வளவு வளைகிறாய் என்பதற்கு அங்கே மார்க் கிடையாது. ஆக அங்கே போனதும் ரெண்டும்தான், வித்தையும் கவனமும்.

மார்க் இப்போது இங்கேதான் போடுகிறோம். 2014 டிசம்பரில் ஐ.நா. யோகா தினத்தை ஏற்றது. 2015 ஜூன் 21ல் டெல்லி ராஜபாதையில் (அப்போதைய பெயர்) 35,985 பேர் ஒன்றாகச் செய்து கின்னஸில் ஏறினோம். 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாகவே அங்கீகரித்தது. பசங்க மெடல் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி அதுவும் ஒரு விளையாட்டு. ஆனால் மேடையேறும் ஒவ்வொரு பையனுக்கும் முன்னால் அந்த 1930கள் மைசூர்ப் பையனின் தொடைத் தசை என் கண்ணுக்கு வருது. "இன்னிக்கு வேணாம்" என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்குமா?

கிருஷ்ணமாச்சாரியார் 1938ல் எடுத்த மௌனப் படம் ஒன்று யூட்யூபில் கிடைக்கிறது. அவரும், அவர் மனைவியும், குழந்தைகளும், இளைஞர் அய்யங்காரும் செய்து காட்டுகிறார்கள். நேரம் இருந்தால் பாருங்கள். கை காலைப் பார்த்து அசந்துபோன பிறகு, ரெண்டாவது தடவை அவர் நெஞ்சையும் வயிற்றையும் மட்டும் பாருங்க. அப்புறம் நாளைக்கு சூரிய நமஸ்காரம் பண்றவங்க, கையைத் தூக்கும்போது மூச்சு முந்துதா கை முந்துதான்னு ஒரு தடவை கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க. எனக்கு இன்னமும் கைதான் முந்துது.